லாச்சி

தமிழ்நாட்டு வாசகர்கள் இழுப்பறை என்று எழுதுவதை ஈழத்தில் நாங்கள் லாச்சி என்போம். சிலர் இலாச்சி என்று இகரம் சேர்த்து எழுதுவர். சொல் ஒல்லாந்தருடையது. அவர்களது மொழியில் இழுப்பறை 'லா'. சின்ன இழுப்பறை 'லாட்யே'. அதுவே சிங்களத்தில் லாச்சுவ என்றும் எங்களிடம் லாச்சி என்றும் ஆயிற்று. அவர்களுக்கு முன் வந்த போர்த்துக்கேயர் அலுமாரி, மேசை, கதிரை ஆகியவற்றைத் தந்திருந்தனர். சாவி என்ற சொல்லும் போர்த்துக்கேயத்திலிருந்தே வந்தது. ஆனால் அதைத் தமிழ்நாடு வைத்துக்கொண்டது. எங்களுக்கு இன்றும் திறப்புத்தான். மட்டக்களப்பின் புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628 இல் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் 1638 இல் கைப்பற்றினர். கோட்டையின் கணக்கை வைத்துப் பார்த்தால் எங்கள் ஊரில் அலுமாரிக்கும் லாச்சிக்கும் பத்து வயதுதான் வித்தியாசம்.

இந்தச் சொல்லாராய்ச்சிக்குக் காரணம் என் மருமகள், அதாவது தமக்கையின் மகள். அமிர்தகழியில் தாய்வழியாக வந்த வீட்டில் குடியிருக்கிறாள். ஆசிரியை. மூன்று வயதில் ஓர் ஆண்குழந்தை. மாமாங்கத் தீர்த்தத்துக்குச் சென்று அவள் வீட்டில் தங்கியிருந்தபோது கேட்டாள்: "மாமா, படுக்கிற அறைக்கு லாச்சி வைச்ச பெட்டி ஒண்டு வேணும். கடையில வாங்கவா, ஓடாவியக் கூப்பிட்டுச் செய்விக்கவா?"

மட்டக்களப்புக் குடும்பங்களில் பெண்பிள்ளையின் வீட்டுக் காரியம் எதுவானாலும் தாய்மாமனின் காதில் ஒருமுறை போடப்படும். மாமனுக்கு அந்தக் காரியம் தெரியுமா என்பதை யாரும் பார்ப்பதில்லை. எனக்குத் தெரிந்த லாச்சிகள் பத்திரிகைக் கந்தோரின் லாச்சிகள். ஆசிரியரின் மேசையில் வலப்பக்க அடி லாச்சி ஒன்று இருந்தது. அதற்குள் போன கட்டுரை திரும்பி வந்து நான் கண்டதில்லை. ஆகவே நிருபர்கள் செய்வதையே நானும் செய்தேன்: தெரிந்தவர்களிடம் கேட்டேன்; கையில் ஓர் அளவுநாடாவை வைத்துக்கொண்டேன்.

கேள்வியை மருமகனின் பணம் சிக்கலாக்கியிருந்தது. அவளுடைய தம்பி ரொறன்ரோவில் இருக்கிறான். 'பெட்ரூம் செற்' ஒன்றை முழுமையாக வாங்கிவிடும்படி சொல்லிப் பணம் அனுப்பியிருந்தான். பெரிய கட்டில், மூன்று கதவு அலுமாரி, ஆளுயரக் கண்ணாடி மேசை, ஐந்து லாச்சிப் பெட்டி. எல்லாம் ஒரே நிறம், ஒரே பளபளப்பு. நகரத்துக் கடையொன்றில் அதன் படத்தை அவளே காட்டினாள். அழகாகத்தான் இருந்தது. படத்திலிருந்த அறை ஒரு சிறிய கலியாண மண்டபம் அளவு இருந்தது.

அவளுடைய அறை பத்தடிக்குப் பத்தடி. 120 அங்குலம். தளபாடம் வாங்குகிறவர்கள் லாச்சிப் பெட்டி மூடியிருக்கும் அளவைத்தான் பார்க்கிறார்கள். அதைத் திறந்த நிலையில் அளக்கவேண்டும். பெட்டியின் ஆழம் 18 அங்குலம், லாச்சி வெளியே வருவது 16 அங்குலம், இரண்டும் 34. அதற்கு முன்னால் ஓர் ஆள் குனிந்து நிற்கக் குறைந்தது 24 அங்குலம் வேண்டும். ஆறரை அடிக் கட்டிலின் கால்மாட்டுக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையில் 42 அங்குலமே எஞ்சும். அங்கே பெட்டியை வைத்தால், லாச்சியைத் திறந்தபின் மனிதருக்கு மிஞ்சுவது எட்டு அங்குலம். கட்டிலில் ஏறி உட்கார்ந்துதான் சேலை எடுக்கவேண்டும். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப்போட்டு மறுபக்கச் சுவரில் பெட்டியை வைத்தால் 60 அங்குலம் கிடைக்கிறது. 34 போக 26. அது போதும். ஆனால் அப்போது மூன்று கதவு அலுமாரிக்கும் கண்ணாடி மேசைக்கும் அறைக்குள் இடமில்லை. செற்றின் கதை அளவுநாடாவிலேயே முடிந்தது. ரொறன்ரோவுக்கு அதைச் சொல்லும் பொறுப்பு மட்டும் என் தலையில் விழுந்தது.

இனி லாச்சிப் பெட்டி ஒன்றுதான். அந்த ஒன்று எப்படி இருக்கவேண்டும்?

தமக்கையின் பெட்டகம் இன்னும் அந்த அறையில்தான் கிடக்கிறது. முதிரை மரம்; மேல்மூடி; பக்கத்துக்கொரு பித்தளைக் கைபிடி; உள்ளே ஒரு மூலையில் காசு, நகை வைக்கச் சிறு அறை. எங்கள் தாயாரின் சீதனத்தோடு வந்தது. பெட்டகத்தின் குறை எல்லோருக்கும் தெரிந்ததே. அடியில் இருப்பதை எடுக்க மேலே இருப்பவை அனைத்தையும் வெளியே வைக்கவேண்டும். பெட்டகத்தின் மேல் மெத்தை அடுக்கியிருந்தால் இன்னும் மோசம். ஐரோப்பியருக்கும் இதே தொல்லை இருந்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் அவர்கள் பெட்டகத்தின் அடியில் ஒரு லாச்சியை வைத்துப் பார்த்தார்கள்; வசதியாக இருந்தது; பிறகு இரண்டு, மூன்று என்று கூட்டிக் கடைசியில் மேல்மூடியையே எடுத்துவிட்டார்கள். அவ்வாறு பிறந்ததுதான் லாச்சிப் பெட்டி.

அந்த மாற்றத்தில் ஒன்று கைவிட்டுப் போயிற்று. பெட்டகத்துக்குக் கைபிடி இருந்தது. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் வீட்டைவிட்டு வெளியே போகலாம். லாச்சிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எவரும் ஓடுவதில்லை.

தளபாடம் பற்றிய பேச்சில் ஓடுவது எங்கே வந்தது என்று வெளியூர் வாசகர்கள் கேட்கலாம். அமிர்தகழி வாவியோரத்து ஊர். வாவியை நாங்கள் ஆறு என்றே சொல்வோம். மாரியில் ஆறு நிரம்பினால் முகத்துவாரத்தில் மணல்திட்டை வெட்டி ஆற்றுவாயைத் திறந்துவிடவேண்டும். வெட்டும்வரை தண்ணீர் வளவுகளுக்குள் நிற்கும். முதியவர்கள் காலத்தை 1957 வெள்ளத்துக்கு முன், பின் என்று பிரிப்பார்கள். என் தலைமுறை 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கொண்டு பிரிக்கும். 1990இன் இடப்பெயர்வுகள் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பிறகு 2004 டிசம்பர் 26. பிறகு 2011 ஜனவரி வெள்ளம். இந்த ஊரில் ஒருவர் அறுபது வயதை அடைந்திருந்தால், எதை எடுப்பது, எதை விடுவது என்று சில நிமிடங்களுக்குள் முடிவுசெய்யவேண்டிய நிலையை ஒருமுறையாவது கண்டிருப்பார்.

ஆழிப்பேரலைக்குப் பின்னர், 2005 ஜனவரியில், மட்டக்களப்பில் பாடசாலைக் கட்டடங்களில் தங்கவைக்கப்பட்டிருந்தவர்களைச் சந்தித்து எழுதினேன். நாவலடி, டச்பார், கல்லடி, திருச்செந்தூர் என்று கடலோரத்திலிருந்து தப்பி வந்தவர்கள். உயிரிழப்பைப் பற்றிப் பேசமுடியாதபோது அவர்கள் கடதாசிகளைப் பற்றிப் பேசினார்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிப் புத்தகம், பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு. இவை இல்லாமல் நிவாரணத்துக்குப் பதிய இயலாது, கணவரின் மரணத்தைப் பதிய இயலாது, பிள்ளையை வேறு பாடசாலையில் சேர்க்க இயலாது என்ற அச்சம். நடமாடும் சேவைகள் பின்னர் வந்தன, பிரதிகள் வழங்கப்பட்டன, ஆனால் அந்த முதல் வாரங்களில் தாம் யார் என்று காட்ட அவர்களிடம் எதுவும் இருக்கவில்லை. ஒரு தாய் இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு சிறு திறப்பைக் காட்டினார். "எல்லாத்தையும் அலுமாரி லாச்சிக்குள்ள வைச்சுப் பூட்டினன் தம்பி. திறப்பு இருக்கு. அலுமாரியத்தான் காணல்ல." நான் அதை அப்படியே எழுதி அனுப்பினேன். பக்கம் நிறைந்துவிட்டது என்று அந்த இரண்டு வரிகளும் வெட்டுப்பட்டன. பக்கம் நிறையும் வழக்கம் எனக்குப் பழகியதுதான். இருந்தாலும் அந்தத் திறப்பு இன்னும் நினைவில் இருக்கிறது.

மருமகளிடம் இதைச் சொன்னபோது அவள் எழுந்து போய், பெட்டகத்தின் அடியிலிருந்து ஒரு சீத்தைத் துணிப் பொட்டலத்தை எடுத்து வந்தாள். வீட்டு உறுதி அதற்குள் இருந்தது. பாட்டியிடமிருந்து தாய்க்கும், தாயிடமிருந்து அவளுக்குமாக, இரண்டு நன்கொடை உறுதிகள்.

இதைச் சற்று விளக்கவேண்டும். மட்டக்களப்புப் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. கலியாணத்தின் பின் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மூத்தவள் கலியாணம் முடிக்கும்போது பெற்றோர் அவளுக்கு வீட்டை எழுதிவைத்துத் தாங்கள் பக்கத்தில் ஒரு சிறு வீடு கட்டிப் போவதும், அடுத்தவளுக்கு அதையும் கொடுத்து இன்னொன்றுக்குப் போவதும் சாதாரணம். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே கிழக்கிலங்கையில் பல ஆண்டுகள் தங்கி இந்த முறையை ஆராய்ந்தவர். ஆழிப்பேரலைக்குப் பின் கட்டிக்கொடுக்கப்பட்ட வீடுகள் இந்தச் சீதன முறையோடு எவ்வாறு மோதின என்பதையும் அவர் எழுதியிருக்கிறார். குடும்பத்தலைவர் என்ற கட்டத்தில் ஆணின் பெயரை எழுதிப் பழகியவர்களுக்கு, வீடு பெண்ணுடையது என்பது புரியவில்லை. அத்தகைய சூழலில் ஒரு பெண்ணின் கையிலுள்ள உறுதி வெறும் கடதாசி அல்ல. அது நனையாமல், கறையான் அரிக்காமல், தேவைப்படும் நேரத்தில் ஒரு கையால் எடுக்கும்படி இருக்கவேண்டும். என் மருமகளின் லாச்சி அதற்குத் தகுந்ததாக இருக்கவேண்டும் என்று முடிவுசெய்தேன். உடுப்பு எங்கே வைத்தாலும் உடுப்புத்தான்.

முதலில் கடைச் சரக்கைப் பார்த்தோம். பெரும்பாலானவை மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகைகள். மேலே மரத்தின் வரிபோல அச்சிட்ட தாள். உலர்ந்த ஊரில், குளிரூட்டிய அறையில் இவை நன்றாகவே உழைக்கும், குறைசொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீர் விளிம்பில் ஒருமுறை ஏறினால் பலகை ரொட்டிபோல உப்பும், வற்றியபின் பழைய அளவுக்குத் திரும்பாது, திருகாணி பிடிக்காது. வாவிக்காற்றின் உப்பு வேறு. லாச்சியின் இருபக்கமும் பொருத்தும் இரும்புத் தண்டவாளங்களின் நாகப்பூச்சு சில மாரிகளுக்குள் கழன்றுவிடும். உள்ளிருக்கும் குண்டுகள் துருவேறி இறுகும். இரும்பு அலுமாரிக்கும் அதே கதி, கால்பக்கத்திலிருந்து தொடங்கும்.

பிளாஸ்டிக் லாச்சி அடுக்குகளை நான் ஏளனமாகப் பார்த்தேன், மருமகள் பார்க்கவில்லை. "நனையாது, துருப்பிடிக்காது, கறையான் தின்னாது, ஒரு கையால தூக்கலாம். என்ன குறை மாமா?" என்றாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. நலன்புரி முகாம்களிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் அலுமாரியாக இருந்தது. பாரம் ஏற்றினால் நடுவில் தொய்யும், நாள்பட்டால் மூலையில் வெடிக்கும், பூட்ட முடியாது. குழந்தையின் உடுப்புக்கு அது போதும் என்று ஒன்றை வாங்கினாள். ஆக, இருநூறு சொல்லில் நான் அலசிய கேள்விக்கு அரைவாசி விடையை அவள் பத்து நிமிடத்தில் வாங்கி வந்துவிட்டாள்.

மற்ற அரைவாசிக்கு ஓடாவியைத் தேடினோம்.

மட்டக்களப்பில் தச்சுவேலை என்றால் பறங்கியர் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த இந்தச் சிறு சமூகத்தினர் மாமாங்கம், சின்ன உப்போடை, தன்னாமுனை, டச்பார் முதலிய இடங்களில் வாழ்கின்றனர். வீட்டில் இன்றும் ஒருவகைப் போர்த்துக்கேயம் பேசும் முதியவர்கள் அவர்களிடையே உண்டு. தச்சு, கொல்லு, இயந்திரம் திருத்துதல், தையல் என்பன அவர்களின் பாரம்பரியத் தொழில்கள். கொழும்பிலுள்ள பறங்கியர் ஆங்கிலம் கற்று உத்தியோகத்துக்குப் போனார்கள். மட்டக்களப்பிலுள்ளவர்கள் உளியையும் சம்மட்டியையும் கைவிடவில்லை. டச்பாரில் இருந்த அவர்களின் குடியிருப்பை ஆழிப்பேரலை வழித்துச் சென்றது. அந்தச் சிறிய சமூகத்துக்கு அது எத்தனை பெரிய இழப்பு என்பதை நகரத்தில் எல்லோரும் அறிவர். அலுமாரி என்ற சொல்லைக் கொண்டு வந்தவர்களின் வழித்தோன்றல்களே அலுமாரியைச் செய்து தந்த ஊர் வேறெங்கும் அதிகம் இராது.

எங்களுக்குக் கிடைத்த ஓடாவியார் அந்தச் சமூகத்தவர்; எழுபதைத் தாண்டியவர். அறையைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "மழைத்தண்ணி எதுவரைக்கும் ஏறினது?" என்றுதான். மருமகள் 2011 இல் சுவரில் படிந்த கோட்டைக் காட்டினாள். பலமுறை சுண்ணம் பூசியும் அது இலேசாகத் தெரிகிறது. நிலத்திலிருந்து எட்டு அங்குலம். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஒரு பலகைத் துண்டில் '10' என்று எழுதிக்கொண்டார். பெட்டியின் கால் உயரம் அது.

மரம் பற்றிப் பேச்சு வந்தது. முதிரைதான் வேண்டும் என்று மருமகளுக்கு ஆசை. பெட்டகத்துக்குப் பொருத்தமாக இருக்கும். முதிரை உறுதியான மரம், கறையானுக்கும் இலகுவில் மசியாது. ஆனால் அனுமதிப் பத்திரம் இல்லாமல் ஏற்றிவரக்கூடாத மரம், விலையும் அதற்கேற்றது, பாரமும் அதற்கேற்றது. லாச்சிக்குப் பாரமான மரம் கூடாது என்றார் ஓடாவியார். சட்டமும் முகப்பும் தேக்கு. லாச்சியின் பக்கங்களும் அடியும் வேறு இலகுவான, நன்கு உலர்ந்த பலகை. இந்த ஏற்பாட்டில் எனக்கு மறுப்பில்லை. அருமையான மரத்தை வெளியே தெரியாத இடத்தில் வைப்பது பெருமைக்குத்தான் உதவும்.

மாரியில் லாச்சி இறுகுவது ஏன் என்பதை அவரிடம்தான் சரியாகப் புரிந்துகொண்டேன். மரம் ஈரத்தைக் குடித்தால் நீளப்போக்கில் அநேகமாக வளராது. வரிக்குக் குறுக்கே வளரும். பத்து அங்குல அகலப் பலகை ஒன்று கோடைக்கும் மாரிக்கும் இடையில் அரைக்கால் அங்குலம் வரை கூடிக் குறையலாம். லாச்சியின் உயரம் பலகையின் அகலம் அல்லவா? ஆகவே ஆழமான லாச்சிதான் முதலில் இறுகும். "கோடையில செய்தா மேல இடம் விட்டுச் செய்யவேணும். மாரியில செய்தா நெருக்கிச் செய்யலாம். எப்ப செய்தது எண்டு கேக்காம லாச்சி வாங்கக்கூடாது ஐயா." அடிப்பலகையை ஆணியால் அறையாமல் பள்ளத்தில் செருகிவிடுவதும் அதற்காகத்தான், அது தன்பாட்டில் விரிந்து சுருங்க இடம் வேண்டும். முகப்பும் பக்கமும் சேரும் மூலையில் புறாவின் விரிந்த வால்போல வெட்டிய பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கவேண்டும். லாச்சியை ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் இழுவை முழுவதும் அந்த மூலையில்தான் விழுகிறது. ஆணி அதைப் பல வருடம் தாங்காது. கடையில் லாச்சியை வெளியே இழுத்து அந்த மூலையைப் பார்த்தாலே செய்தவரின் மனம் தெரிந்துவிடும். தண்டவாளம் வேண்டாம், மரத்தின் மேல் மரம் வழுக்கட்டும். மாதத்துக்கொருமுறை மெழுகுதிரித் துண்டால் தேய்த்தால் போதும்.

இந்த இடத்தில் ரொறன்ரோ குறுக்கிட்டது. செற் வாங்கப்போவதில்லை என்று நான் தொலைபேசியில் சொன்னபோது மருமகன் சற்று மனத்தாங்கலோடு கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "சரி மாமா, என்ன செய்தாலும் அதைச் சுவரோட பூட்டச் சொல்லுங்க. இங்க அதால பிள்ளைகள் செத்திருக்கு" என்றான்.

அவன் சொன்னது உண்மை. ஐக்கியா நிறுவனம் 2016 ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 2 கோடியே 90 இலட்சம் லாச்சிப் பெட்டிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. கனடாவிலும் அறிவிப்பு வெளியாயிற்று. 'மால்ம்' என்ற அதன் பிரபலமான வரிசையும் அதில் அடங்கும். பெட்டி சாய்ந்து குழந்தைகள் நசுங்கி இறந்ததே காரணம். 2017 இல் கலிபோர்னியாவில் இறந்த இரண்டு வயதுக் குழந்தையின் பெற்றோருக்கு 4 கோடியே 60 இலட்சம் டொலர் வழங்க அந்நிறுவனம் 2020 இல் உடன்பட்டது. லாச்சிப் பெட்டிகள் சாயாமல் நிற்கும் தகுதிக்கு அமெரிக்காவில் 2023 செப்டெம்பர் முதல் கட்டாய விதி நடைமுறையில் இருக்கிறது.

நடப்பது எளிய கணக்கு. லாச்சிகள் உள்ளே இருக்கும்போது பாரம் கால்களுக்கு நடுவே நிற்கிறது. இரண்டு மூன்றை ஒன்றாக இழுத்தால் பாரம் முன்காலைத் தாண்டி வருகிறது. அப்போது ஒரு சிறுபிள்ளை அடி லாச்சியைப் படியாக்கி ஏறினால் முழுப்பெட்டியும் பிள்ளைமீது கவிழும். மூன்று வயது என்பது எதையும் படியாகப் பார்க்கும் வயது. வெளிநாட்டில் இருக்கும் எம்மவர்கள் இதைப் படித்தால், பெட்டியோடு வந்த சிறிய உலோகப் பட்டியைச் சமையலறை மூலையில் போட்டுவிடாமல் இன்றைக்கே சுவரில் பூட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். வாடகை வீட்டுச் சுவரில் துளை விழுந்தால் வீட்டுக்காரருடன் பேசித் தீர்க்கலாம்.

ஆனால் எங்கள் சிக்கல் இதனால் கூடிற்று. வெள்ளம் வந்தால் எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று நான் சொல்கிறேன். குழந்தைக்காகச் சுவரோடு பூட்டவேண்டும் என்று மருமகன் சொல்கிறான். இரண்டும் நியாயம். பத்து அங்குலக் கால்களில் நிறுத்துவது வெள்ளத்துக்கு நல்லது, சாய்வதற்குக் கெட்டது. மருமகள் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, "பெட்டி நிக்கட்டும். மேல் லாச்சி மட்டும் கழண்டு வந்தா என்ன?" என்றாள்.

ஓடாவியார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு பெட்டகத்தருகே போய் அதன் பித்தளைக் கைபிடியை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார்.

அவர் செய்து தந்தது இப்படி. மொத்த உயரம் 34 அங்குலம், அதாவது இடுப்பளவு. அகலம் 36. மூன்று அடுக்கு மட்டும். கால்கள் சற்று வெளியே விரிந்தவை; கறையான் ஏறாமலிருக்க அவற்றின் அடியில் தகரக் கிண்ணங்கள். இரண்டு அடி லாச்சிகளிலும் உட்பக்கம் ஒரு மரத்தடை இருக்கிறது. முக்கால்வாசிக்கு மேல் வெளியே வராது. பெட்டியின் முதுகில் இரண்டு இடத்தில் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணிகள் சுவருக்குள் போகின்றன. மேல் அடுக்கு மட்டும் இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் சாதாரண லாச்சி. வலப்பக்கத்தில் 16 அங்குல நீளமும் 14 அங்குல அகலமும் கொண்ட ஒரு சிறு லாச்சிக்குத் தடை எதுவும் இல்லை. இழுத்தால் முழுவதுமாகக் கையோடு வரும். அதன் மேல் சறுக்குமூடி ஒன்று. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பழைய பென்சில் பெட்டிக்கு இருக்குமே, அதுபோல. பக்கங்களில் இரண்டு கைபிடிகள் உள்ளமிழ்ந்து இருக்கின்றன. அவை பெட்டகத்திலிருந்து கழற்றியவை. பெட்டகம் இனி எங்கும் போகப்போவதில்லை என்று தமக்கையே சொல்லிவிட்டார்.

பூட்டு வேண்டுமா என்று ஓடாவியார் கேட்டார். நானும் மருமகளும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றோம். கள்ளன் வந்தால் கடதாசியை எடுக்கமாட்டான். அவசரத்தில் திறப்பைத் தேடுவதுதான் பெரிய களவு.

உறுதிகளையும் அத்தாட்சிப் பத்திரங்களையும் அவள் முதலில் தடித்த பொலித்தீன் உறையிலிட்டு, காற்றை வெளியேற்றி, பிறகுதான் லாச்சிக்குள் வைத்தாள். ஒவ்வொன்றையும் தொலைபேசியில் படம்பிடித்துத் தம்பிக்கும் அனுப்பிவைத்தாள். அது இந்தத் தலைமுறைக்குக் கிடைத்த வசதி. ஆனால் மூல உறுதியைக் காட்டு என்று கேட்கும் இடங்களில் படம் செல்லாது. அவற்றோடு இன்னும் என்னென்ன வைத்தாள் என்று நான் பார்க்கவில்லை. அது அவளுடைய லாச்சி.

மார்கழி மழையில் மேல் லாச்சி இரண்டும் இறுகவில்லை. நடு லாச்சி சற்று முனகுகிறது என்று தகவல் வந்தது. மெழுகுதிரி தேய்க்கச் சொல்லியிருக்கிறேன். ரொறன்ரோக்காரன் படத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சின்னதா என்று கேட்டானாம். அவன் அனுப்பிய பணத்தில் பாதிக்குமேல் மிஞ்சியிருந்தது. அதில் வீட்டுக் கூரையின் துருப்பிடித்த பீலிகளை மாற்றினார்கள்.